மகளின் 14,000 படங்கள் ஃபோனில்: எப்படி எடுப்பது, எதை வைத்துக்கொள்வது?

தென்காசிச் சாரல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகளுக்கு வரும் ஆவணியில் ஏழு வயது நிறைகிறது. பிறந்த அன்று துணியில் சுற்றிக் கையில் கொடுத்ததிலிருந்து, நேற்று தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே தூங்கி விழுந்தது வரைக்கும் எல்லாமே என் ஃபோனில்தான் இருக்கிறது. போன வாரம் துணி துவைக்கும்போது அது வாளிக்குள் விழுந்துவிட்டது. இரண்டு நாள் உயிர் வரவில்லை. மூன்றாம் நாள் கடைக்காரத் தம்பி சரிசெய்து கொடுத்தார். படங்கள் பத்திரமாக இருந்தன. அப்போதுதான் முதல் முறையாக எண்ணிக்கையைப் பார்த்தேன், 14,000க்கு மேல்.

அந்த இரண்டு நாளும் ராத்திரி படுத்துக்கொண்டு, மூன்று வயதில் அவள் எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பார்த்தேன். நினைவுக்கு வந்ததெல்லாம் நான் எடுத்த படங்கள். சட்டை, பின்னால் இருந்த சுவர், சிரிப்பு. அவள் குரல் வரவில்லை, நடை வரவில்லை. பயந்துபோனேன்.

எனக்குச் சின்ன வயதில் எடுத்த படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. 1989, ஐந்து வயது. தாழம்பூ வைத்துத் தைத்த சடை, பட்டுப் பாவாடை, பக்கத்தில் ஆளுயரக் கண்ணாடி. முகமும் தெரிய வேண்டும், சடையும் தெரிய வேண்டும் என்று ஸ்டூடியோவில் அப்படி நிறுத்துவார்களே, அதேதான். அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. மகளின் 14,000 படங்களில் இரண்டாவது முறை பார்த்தவை நூறுகூட இருக்காது.

என் கேள்விகள் இவைதான். எப்படி எடுப்பது? எதை வைத்துக்கொள்வது? எங்கே வைப்பது? அப்புறம் ஆண்டுவிழாவில் அவள் ஆடியதை முழுக்க ஃபோன் திரை வழியாகத்தான் பார்த்தேன். அது தப்பா?

---

மூன்றாம் மாடி

அக்கா, முதலில் இன்றைக்கே ஒரு நகல் எடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம். நான் வேலை பார்ப்பது தரவு சேமிப்புத் துறையில். எங்களிடம் ஒரு கணக்கு உண்டு: மூன்று நகல், இரண்டு வேறு வேறு சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரிலோ வேறு வீட்டிலோ. உங்களுக்கு இப்போது இருப்பது ஒரு நகல், ஒரு சாதனம், அதுவும் வாளிக்குள் விழுந்து எழுந்த சாதனம்.

கூகுள் போட்டோஸில் தானாக ஏறுகிறது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 2021 ஜூன் 1க்குப் பிறகு அங்கே கணக்கில்லாத இலவச இடம் கிடையாது. மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்து 15 ஜிபி. நிரம்பிய பிறகு புதுப் படங்கள் ஏறாது. அறிவிப்பு வரும், நாம் அதைத் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். இன்னொன்று, இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்று 2023இல் விதியை மாற்றினார்கள். குழந்தை பெயரில் மெயில் தொடங்கிப் படங்களை அனுப்பி வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாட்ஸாப்பில் அப்பாவுக்கு அனுப்பியிருக்கிறேன், அதுவே ஒரு நகல்தானே என்று என் அக்கா சொல்லுவாள். அங்கே படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி, நேரம் எல்லாம் போய்விடும். டாக்குமெண்ட்டாக அனுப்பினால்தான் அசல் அப்படியே போகும்.

என் பெயர் ஏன் மூன்றாம் மாடி என்றால், 2015 டிசம்பர் 1 இரவு நாங்கள் கீழ்த்தளத்தில் இருந்தோம். அடையாற்றுத் தண்ணீர் இடுப்பளவு வந்தது. அம்மா அரிசியை மேலே தூக்கி வைத்தார்கள், சான்றிதழ்களைத் தூக்கினார்கள். ஆல்பம் கட்டிலுக்கு அடியில் இருந்தது. மூன்று நாள் கழித்து எடுத்தபோது ஒரே கட்டியாக இருந்தது. பிரித்தால் ஒரு படத்தின் முகம் இன்னொரு படத்தின் முதுகோடு வந்தது. என் தங்கையின் முதல் பிறந்தநாள் முழுக்க அதில்தான் இருந்தது.

14,000 எதற்கு என்றும் கேட்கிறேன். படத்துக்கு மூன்று விநாடி என்றாலும் பார்த்து முடிக்கப் பதினோரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே மாதிரி இருக்கிறவற்றை அழித்துவிடுங்கள். பத்தில் ஒன்று போதும்.

---

பழைய ஸ்டூடியோ

நான் கும்பகோணத்தில் முப்பத்தெட்டு வருடம் ஸ்டூடியோ நடத்தியவன். இப்போது மூடிவிட்டேன். தம்பி சொன்ன நகல் கணக்கு சரி. அழிக்கச் சொன்னதைத்தான் ஏற்க முடியவில்லை. அம்மா, அழிக்காதீர்கள், தேர்ந்தெடுங்கள். இரண்டும் வேறு. தேர்ந்தெடுத்ததைத் தனியாக வையுங்கள், மீதி பாட்டுக்கு மூலையில் கிடக்கட்டும். எது பின்னால் வேண்டியிருக்கும் என்று இன்றைக்குத் தெரியாது. இதை நான் நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன், கடைசியில் சொல்கிறேன்.

எப்படி எடுப்பது என்று கேட்டீர்கள்.

நான் தொடங்கிய காலத்தில் 120 என்கிற ஃபிலிம் ரோலில் பன்னிரண்டு படம். ஒரு குழந்தைக்கு இரண்டு கிளிக், அதற்கு மேல் கட்டுப்படியாகாது. அதனால் கேமராவைத் தொடுவதற்கு முன் கால் மணி நேரம் குழந்தையோடு விளையாடுவேன். பெரியவர்கள் "இங்க பாரு, சிரி" என்று சொன்னால் குழந்தை பல்லைத்தான் காட்டும். என் இடுப்பில் ஒரு சாவிக்கொத்து இருக்கும். அதை ஒரே ஒரு முறை குலுக்கிவிட்டு நிறுத்திவிடுவேன். சத்தம் எங்கிருந்து வந்தது என்று தேடும்போது குழந்தையின் கண் விரியும். அந்த ஒரு விநாடிதான் என் பிழைப்பு.

உங்கள் வீட்டில் செய்ய வேண்டியது, உட்காருங்கள். குழந்தையின் கண்ணும் கேமராவும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலை பெரிதாகவும் கால் குட்டையாகவும் வரும், உலகம் அவளுக்கு எப்படித் தெரிகிறது என்பதும் படத்தில் வராது. டியூப்லைட்டை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் வாருங்கள். வெயில் நேரே விழுகிற ஜன்னல் வேண்டாம், வெளிச்சம் மட்டும் வருகிற ஜன்னல். முகத்தின் ஒரு பாதி கொஞ்சம் நிழலாக இருந்தால் இருக்கட்டும், கன்னத்தின் உருட்சி அதில்தான் தெரியும்.

எடுப்பதற்கு முன் முகம் கழுவி, பவுடர் போட்டு, சட்டை மாற்றாதீர்கள். சட்டையில் குழம்புக்கறை இருந்தால் இருக்கட்டும். ஸ்டூடியோவுக்கு வந்த அத்தனை குழந்தைகளும் எனக்கு இப்போது ஒரே மாதிரித்தான் நினைவிருக்கிறார்கள். தீபாவளிச் சட்டை, திருஷ்டிப் பொட்டு, பிளாஸ்டிக் பூஞ்சட்டி. அவர்கள் வீட்டில் எந்தத் தூணைப் பிடித்து நிற்பார்கள் என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதைப் பார்க்கிறவர் நீங்கள்தான்.

இப்போது அந்த நஷ்டம். எங்களிடம் நெகட்டிவ் எல்லாம் கவரில் எண் போட்டு ஷூ பெட்டிகளில் இருந்தது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் வெள்ளி உண்டு, அதைப் பிரித்தெடுக்கிறவர்கள் எடைக்கு வாங்கிப் போவார்கள். இடம் போதவில்லை என்று 1996இல் ஏழு சாக்கு போட்டுவிட்டேன். அடுத்த வருடமே ஒரு அம்மாள் வந்தார். விபத்தில் போன மகனுக்கு ஐந்து வயதில் என்னிடம் எடுத்த படம். வீட்டில் இருந்த பிரிண்ட் கரையான் தின்றுவிட்டது. பில்லில் இருந்த எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். எண் சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் அழிக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

---

நொய்யல்

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

சாரல் அக்கா, ஆண்டுவிழாவைப் பற்றிக் கேட்டீர்களே, நான் உளவியல் படித்தவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். 2014இல் லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வு வெளியிட்டார். அருங்காட்சியகத்துக்கு ஆட்களை அழைத்துப்போய், சில பொருட்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் படம் எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது, முழுதாகப் படம் எடுத்த பொருட்கள்தான் குறைவாக நினைவிருந்தன. ஆனால் ஒரு பகுதியை மட்டும் கிட்டே போய் எடுத்தவற்றுக்கு அந்த இழப்பு இல்லை. உற்றுப் பார்த்து எடுத்தால் நினைவு நிற்கிறது, கேமரா பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால் நிற்பதில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன். அதனால் இப்போதெல்லாம் விழாவில் முதல் ஒரு நிமிடம் எடுப்பேன், அப்புறம் ஃபோனைப் பைக்குள் போட்டுவிடுவேன்.

என் கதை உங்களுக்கு நேர் எதிர். எங்கள் வீட்டில் மொட்டை போடும் வரைக்கும் குழந்தையைப் படம் எடுக்கக் கூடாது, கண்ணுபடும் என்று அத்தை சொல்லிவிட்டார். நானும் எதிர்த்துப் பேசவில்லை. பதினோரு மாதம். பையன் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் பல் எதற்கும் படம் இல்லை. அத்தை மேல் கோபமாக இருந்தது உண்மை. அவர் முதல் குழந்தையை நாற்பது நாளில் ஸ்டூடியோவுக்குத் தூக்கிப்போய் எடுத்திருக்கிறார், அந்த மாதமே குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. இதை என் கணவர் சொல்லி மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் படம் அத்தையின் பீரோவில் புடவைக்கு அடியில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

படம் இல்லாத அந்தப் பதினோரு மாதத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எழுதினேன். என்ன சத்தம் போடுவான், எந்தப் பாட்டுக்குத் தூங்குவான், எந்தக் காதைப் பிடித்துக்கொண்டு பால் குடிப்பான் என்று. இன்றைக்கு அவன் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வது அந்த நோட்டைத்தான். மூன்று வயதுக்கு முன் நடந்தது பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நினைவில் தங்குவதில்லை. அதை நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். படத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருந்தால் போதாது, அன்றைக்கு மழை பெய்தது, உன் செருப்பு ஒன்று காணாமல் போனது என்று பேசவும் வேண்டும்.

---

வலிகாமத்தான்

வணக்கம். நான் கனடாவில, ஸ்காபரோவில இருக்கிறன். இந்த இழையை நேற்று இரவு தொடக்கத்திலிருந்து வாசித்தேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி சண்டையால யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்குப் பத்து வயது. நாவற்குழிப் பாலத்துக்குப் போற வழி முழுக்கச் சனம், மழை வேறு. அம்மா பிறப்புச் சான்றிதழ்களையும் காணி உறுதியையும் ஒரு பையில வைத்தா. ஆல்பம் பாரம் என்று விட்டுவிட்டா. ரெண்டு கிழமையில திரும்பி வந்திடலாம் என்றுதான் எல்லாரும் நினைச்சம். பிறகு போய்ப் பார்க்கேக்க வீட்டுக்குக் கூரையே இல்லை.

ஆனால் எங்கட சின்ன வயதுப் படங்கள் இருபத்தியொன்று இப்ப என்னட்ட இருக்கு. எப்படியென்றால், 84இல் ஜெர்மனிக்குப் போன சித்தப்பாவுக்கு அம்மா ஒவ்வொரு கடிதத்தோடையும் ஒரு படம் வைத்து அனுப்புவா. "மகனுக்கு முன் பல்லு விழுந்திட்டுது, பாருங்கோ" என்று பின்பக்கத்தில எழுதி. சித்தப்பா அத்தனையையும் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள்ள வைத்திருந்தவர். மூன்றாம் மாடித் தம்பி சொல்லுற வேறு ஊரில் ஒரு நகல், எங்களுக்கு அப்படித்தான் அமைந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, பாசத்தில அனுப்பினது.

சாரல் தங்கச்சிக்கு ஒன்று சொல்ல விருப்பம். அந்த இருபத்தியொரு படத்திலயும் இப்ப நான் என்னைப் பார்க்கிறதில்லை. பின்னால நிக்கிற கிணற்றையும் துலாவையும் பார்க்கிறன். ஒரு படத்தில தலைவாசல் தெரியுது, அம்மம்மாவின்ர வெத்திலைத் தட்டம் பாதி தெரியுது. என்ர மகள் "அப்பா, இது என்ன மரம்?" என்று கேட்டால் கறுத்தக்கொழும்பான் மாமரம் என்று சொல்லுவன், அதோட அரை மணித்தியாலம் கதை போகும். பின்னால இருக்கிறதை மங்கலாக்கிற வசதி இப்ப எல்லா ஃபோனிலயும் இருக்கு. தயவுசெய்து எல்லாப் படத்திலயும் அதைப் போடாதேங்கோ. வீடு தெரியட்டும்.

---

பழைய ஸ்டூடியோ

வலிகாமத்தான் தம்பி, உங்கள் அம்மா படத்தின் பின்னால் எழுதினாரே, அதற்காகவே அவரைக் கும்பிட வேண்டும். ஆயிரக்கணக்கில் படம் போட்டுக் கொடுத்திருக்கிறேன், பின்னால் எழுதியவர்கள் சொற்பம். ஐம்பது வருடம் போனால் "நடுவில் நிற்பது யார்?" என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

எழுதுகிறவர்கள் பால்பாயின்ட் வைத்து அழுத்த வேண்டாம். முன்பக்கம் முகத்தில் கோடு பள்ளமாகத் தெரியும். இப்போதைய கலர் பிரிண்டின் முதுகு வழவழப்பாக இருக்கும், மை சீக்கிரம் காயாது, அடுக்கினால் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். நிரந்தர மார்க்கர் பேனாவால் ஓரத்தில் சின்னதாக எழுதி, பத்து நிமிடம் காயவிட்டு அடுக்குங்கள்.

பசைத்தாளில் ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடுகிற ஆல்பம் ஒரு காலத்தில் எல்லாக் கல்யாணத்துக்கும் கொடுத்தோம். அந்தப் பசை பழுத்து மஞ்சளாகும், படத்தைப் பிரிக்கவே முடியாது. இன்னும் அதில் வைத்திருக்கிறவர்கள் மெதுவாக வெளியே எடுத்துவிடுங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படம் மஞ்சளடித்திருந்தால், அநேகமாக ஹைப்போ (படத்தை நிலைநிறுத்துகிற மருந்து) சரியாகப் போகாமல் அவசரத்தில் கழுவிக் கொடுத்ததுதான் காரணம். நன்றாகக் கழுவியது உங்கள் பேரன் காலம் வரைக்கும் நிற்கும். கலர்ப் படத்தில் இருப்பது சாயம், வெயில் படுகிற சுவரில் மாட்டினால் வெளிறத்தான் செய்யும்.

வெள்ளத்தில் நனைந்தது பற்றித் தம்பி எழுதினார். இனி யாருக்கும் அப்படி ஆனால், காய்ந்த பிறகு பிரிக்காதீர்கள். ஈரத்தோடு, சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, படத்தின் மேல் விரல் படாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி, நிழலில் முகம் மேலாகப் பரப்புங்கள். அன்றைக்கே முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃபிரீசரில் வைத்துவிட்டு அப்புறம் பார்க்கலாம்.

---

உதகைப் பனி

ஐயா வெள்ளி பற்றிச் சொன்னதும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவர் வேலை பார்த்தது உதகையில், 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில். 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிமும் எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கேதான் தயாரானது. ஃபிலிமில் மருந்து பூசுகிற இடத்தில் இருட்டிலேயே வேலை. கைப் பழக்கத்தில்தான் நடமாட்டம் என்பார். மதியம் வெளியே வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்.

ஊர் முழுக்கக் குழந்தைகளைப் படமெடுக்க ஃபிலிம் தயாரித்தவர். அவரும் நானும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. கேமரா எப்போதும் அவர் கையில்தான் இருந்தது. சாரல் அக்கா, உங்கள் 14,000 படங்களில் நீங்கள் எத்தனையில் இருக்கிறீர்கள்?

---

கல்லூரி இரண்டாம் ஆண்டு

நான் பிள்ளைகள் பக்கத்திலிருந்து பேசலாமா? எனக்கு 19 வயது.

என் அம்மா 2009இலிருந்து என் படங்களை ஃபேஸ்புக்கில் போட்டு வந்தார். மொட்டை போடுவதற்கு முன் எனக்குச் சடை பின்னி, பூ வைத்து, மை தீட்டி, பாவாடை கட்டி எடுத்த படமும் அதில் உண்டு. நம் வீடுகளில் நிறைய ஆண்பிள்ளைகளுக்கு அப்படி எடுப்பார்கள். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தன் அதைத் தேடி எடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிட்டான். அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகவே பிடிக்கவில்லை.

அந்தப் படத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அழகான படம் அது, என் பாட்டி கட்டிய பூ. இப்போது என் மேசையில் ஃப்ரேம் போட்டு வைத்திருக்கிறேன். வீட்டுக்குள் பார்க்க வேண்டியதை ஊரே பார்க்கும்படி வைத்ததுதான் வலித்தது. அம்மாவிடம் சொன்னபோது முதலில் அழுதார், அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

அதனால் இங்கே இருக்கிற அம்மா அப்பாக்களிடம் கேட்டுக்கொள்கிறேன். எடுங்கள், நிறைய எடுங்கள். ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு வேண்டும் வேண்டாம் சொல்லத் தெரியும். குளிக்கிற படம், அழுகிற படம், பள்ளி பேட்ஜ் தெரிகிற படம் இவற்றையெல்லாம் வெளியே விடவே வேண்டாம். பிரான்சில் 2024 பிப்ரவரியில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. குழந்தையின் படத்தின் மேல் உள்ள உரிமையை அம்மாவும் அப்பாவும் சேர்ந்து காக்க வேண்டும், வயதுக்கும் பக்குவத்துக்கும் தக்கபடி குழந்தையையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. நம் வீட்டில் அப்படி நடந்துகொள்ளச் சட்டம் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாமே.

---

தென்காசிச் சாரல்

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் ஸ்டேட்டஸில் போட்டவற்றைக் காட்டினேன். இரண்டை "இது வேண்டாம்மா" என்றாள். அதில் ஒன்று, பல் விழுந்த வாயோடு அவள் சிரிப்பது. நான் ரசித்து ரசித்துப் போட்டது. இவ்வளவு நாள் கேட்காமலே இருந்திருக்கிறேன்.

உதகைப் பனி கேட்டதையும் எண்ணிப் பார்த்தேன். 31. அதில் பாதி யாரோ எடுத்த கல்யாணக் குரூப் படங்கள்.

---

அம்மாச்சி

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள் பிள்ளைகளே. எனக்கு 66 வயது, பேத்தி சொல்லிக் கொடுத்து இங்கே எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் இரண்டு வருடத்துக்கு முன் திடீரென்று தவறிவிட்டார். பேரப்பிள்ளைகளைப் படமெடுத்துக்கொண்டே இருப்பார். எல்லாம் அவர் ஃபோனில். அதற்கு ஏதோ கோடு இழுத்துப் பூட்டு போட்டிருந்தார், யாருக்கும் சொல்லவில்லை. இரண்டு கடையில் காட்டினோம், திறக்க வேண்டுமானால் உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும் என்றார்கள். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போதும் வாரத்துக்கு ஒரு முறை சார்ஜ் போடுகிறேன். திரையில் பேரன் படம் ஒன்று வரும், அதற்கு மேல் போகாது.

சாரல் கண்ணு, உன் ஃபோன் பூட்டை உன் வீட்டுக்காரருக்குச் சொல்லி வை. அம்மாவுக்கும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடு.

---

மூன்றாம் மாடி

அம்மா, அந்த ஃபோனை அப்படியே வைத்திருங்கள், யாரிடமும் ரீசெட் செய்யக் கொடுக்காதீர்கள். ஐயாவின் கூகுள் கணக்குக்கு எந்த எண்ணில், எந்த மெயிலில் பதிந்தார் என்று தெரிந்தால், படங்கள் அங்கே ஏறியிருக்க வாய்ப்புண்டு. இரண்டு வருடம் தொடாத கணக்கை அழிக்கலாம் என்று மேலே எழுதினேன், அதனால் தள்ளிப்போட வேண்டாம். காலமானவரின் கணக்குக்குக் குடும்பத்தார் விண்ணப்பிக்க கூகுளே ஒரு வழி வைத்திருக்கிறது, இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பேத்தியை எனக்குத் தனிச்செய்தி அனுப்பச் சொல்லுங்கள், கூடவே இருந்து செய்து தருகிறேன்.

மேலே 'பத்தில் ஒன்று போதும், அழித்துவிடுங்கள்' என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஸ்டூடியோ ஐயா சொன்னதுதான் சரி.

---

தென்காசிச் சாரல் (ஐந்து வாரம் கழித்து)

செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் ஏற்றினேன். இன்னொரு நகல் மதுரையில் தம்பி வீட்டில். வருடத்துக்குப் பன்னிரண்டு என்று வைத்து 84 படம் தேர்ந்தெடுத்தோம், மகளும் நானும் சேர்ந்து. நான் எடுத்துவைத்ததை அவள் தள்ளினாள், அவள் எடுத்ததை நான் தள்ளப் பார்த்தேன். படி இறங்கும்போது கலங்கலாக விழுந்த படம் ஒன்று, அவள் கையும் சுவரில் சாக்பீஸ் கிறுக்கலும் மட்டும்தான் தெரியும். அதைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்றாள். வைத்தோம். நான்குக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டு, பசை இல்லாமல் செருகுகிற ஆல்பத்தில் வைத்திருக்கிறோம். பின்னால் எழுதியது பாதி நான், பாதி அவள்.

ஃபோனை அவள் கையிலும் கொடுக்க ஆரம்பித்திருக்கிறேன். அம்மியில் நான் துவையல் அரைப்பதைக் கீழே உட்கார்ந்து எடுத்திருக்கிறாள். என் முழங்கை, வளையல், பின்னால் அடுப்பு, மேலே புகைக்கூண்டு. நான் இப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

ஸ்டூடியோ ஐயா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். என்னுடைய அந்தக் கண்ணாடிப் படம் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கிறது. நீங்கள் தனிச்செய்தியில் சொன்னபடி பிரிக்க முயலவில்லை. தரையில் கிடத்தி, ஜன்னல் வெளிச்சத்தில், என் நிழல் விழாமல், மேலே கறுப்புத் துணி பிடித்து, ஃபிளாஷ் இல்லாமல் நகல் எடுத்தேன். அதைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. படத்தில் இருக்கிற ஆளுயரக் கண்ணாடியின் வலது ஓரம், சட்டத்தை ஒட்டி, என் சடைக்குப் பின்னால் ஓர் ஆள் தெரிகிறார். பாதி உடம்புதான். வெள்ளைச் சட்டை, கை மடித்து விட்டிருக்கிறது. ஒரு கை தலைக்கு மேலே தூக்கியிருக்கிறது, அதில் என்னவோ இருக்கிறது, கலங்கலாக. முகம் சரியாக விழவில்லை.

அம்மாவிடம் காட்டினேன். அந்தச் சட்டையை அடையாளம் சொன்னார். அப்பா 1993இல் இறந்துபோனார், எனக்கு ஒன்பது வயது. முப்பது வருடத்துக்கு மேல் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் அதில் இருக்க முடியுமா ஐயா?

---

பழைய ஸ்டூடியோ

இருக்கலாம் அம்மா. கண்ணாடிப் படம் எடுக்கும்போது கூட வந்தவர்களைக் கண்ணாடியில் விழாத பக்கமாக நிற்கச் சொல்வோம். நிற்பார்கள். குழந்தை சிணுங்க ஆரம்பித்தால் அப்பாமார்கள் பொறுக்கமாட்டார்கள், ஒரு அடி முன்னால் வந்துவிடுவார்கள். பிரிண்ட் போடும்போது ஓரத்தில் தெரிந்தால் வெட்டிவிடுவதுதான் வழக்கம். உங்களுக்கு எடுத்தவர் வெட்டாமல் விட்டிருக்கிறார்.

கையில் இருப்பதைப் பெரிதாக்கி எனக்கு அனுப்புங்கள். படத்தில் உங்கள் கண் எங்கே பார்க்கிறது என்றும் பாருங்கள். கேமராவைப் பார்க்கிறதா, அதற்குப் பக்கத்திலா?

---

தென்காசிச் சாரல்

பக்கத்தில் ஐயா. கொஞ்சம் மேலே.